மீதி நாலு பாரா

போன மாதக் கடைசியில் அலுவலகத்துக்குப் போய் என் மேஜையைக் காலி செய்தேன். ஒரு சால்வை, ஒரு ஸ்டேப்ளர், ஓரம் நைந்துபோன சட்ட அகராதி, மூத்தவள் வரைந்து கொடுத்த யானை. எல்லாம் ஒரே துணிப்பையில் அடங்கிவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு நாலு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புவேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். திரும்பவில்லை. சரியான முடிவா என்று இன்று காலைகூட யோசித்தேன். முப்பத்து நாலு வயதில் ஓய்வு பெற்றேன் என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்து வந்துவிட்டாள். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா போன வருடம்தான் சட்டப் படிப்பு முடித்தாள். கெட்டிக்காரி. நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? திட்டக் கூடாது. அஃபிடவிட் படிச்சுக் காட்ட நீங்க மட்டும் ஏன் ஒரு மணி நேரம் எடுத்துக்குவீங்க? எம் ஃபோன்ல ஆப் இருக்கு. போட்டோ எடுத்தா போதும், தமிழ்ல அதுவே கடகடன்னு படிச்சுடுது."

"நல்லா படிக்குதா?"

"உங்களைவிட நல்லா படிக்குதுக்கா. தொண்டை கட்டிக்காது."

சிரித்தோம். பிறகு அவளே, "இல்லக்கா, நெசமாவே கேக்கறேன். எப்படிப் பண்ணுவீங்கன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றாள். நான் எதையும் இரண்டு பக்கத்தில் முடித்ததில்லை. எழுத உட்கார்ந்ததும் நினைவு அலுவலகத்தைத் தாண்டி, காலை ஏழரை மணி வகுப்பில் போய் நின்றது.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல். சுரங்கம் மூடியபின் அப்பா எங்களை நகரத்துக்கு, லிங்கராஜபுரத்துக்குக் கூட்டிவந்தார். கன்னியாஸ்திரிகளின் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள் நான். கையெழுத்துக்கும் உச்சரிப்புக்கும் பரிசு வாங்கியிருக்கிறேன். அதனால் சட்டக் கல்லூரியில் முதல் வருடம் 'சட்ட ஆங்கிலம்' என்று ஒரு பாடம் இருப்பதைப் பார்த்ததும், இது ஒன்றாவது சுலபம் என்று நினைத்தேன்.

பாடம் எடுத்தவர் ஜோசப் சார். பத்து மணிக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டிய வக்கீல், அதற்கு முன் எங்களுக்கு வகுப்பு எடுப்பார். ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தால் வகுப்பு ஆரம்பம், எடுத்தால் முடிவு. முதல் நாளே ஒரு வீட்டுக் கிரயப் பத்திரத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எழுதச் சொன்னார். ஒரே வாக்கியம், பதினாலு வரி. எழுதி முடித்ததும் கேட்டார்:

"யாருக்காவது புரிஞ்சுதா?"

வகுப்பில் நான் மட்டும் கை தூக்கினேன்.

"சொல்லுங்க."

நான் எழுந்து நின்று அந்தப் பதினாலு வரியையும் ஆங்கிலத்தில் அழகாக வாசித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி. சார் பொறுமையாகக் கேட்டார்.

"வாசிப்பு ரொம்ப நல்லா இருக்கு, மேடம். இப்ப சொல்லுங்க. வீட்டை வித்தது யாரு, வாங்கினது யாரு?"

எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தேன். பின்பெஞ்சில் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். அவள்தான் நக்மா. சிவாஜிநகர் பெண். அடுத்த மூன்று வருடம் நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.

ஜோசப் சாரிடம் ஒரு பயிற்சி இருந்தது. இரண்டு இரண்டு பேராகப் பிரிப்பார். ஒருவர் கையில் தாள் இருக்கும், மற்றவர் அதைப் பார்க்கக் கூடாது. தாள் வைத்திருப்பவர் தன் வீட்டு மொழியில் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திரும்பி வருவது சரியாக வந்தால்தான் அடுத்த வரி. கன்னடம், தமிழ், தெலுங்கு, தக்கனி உருது எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். சந்தை மாதிரி இருக்கும். அந்த இரைச்சல் இப்போதும் என் காதில் இருக்கிறது. மனத்துக்குப் பிடித்த இரைச்சல்.

'இனிமேல் விற்பவர் என்று அழைக்கப்படுபவர், இச்சொல் அவருடைய வாரிசுகளையும்...' என்று நான் தமிழில் இழுத்துக்கொண்டு போனால், நக்மா கையைக் காட்டி நிறுத்துவாள்.

"அரே, இரு மேரி. ஒரு வூட்டை விக்கறவனுக்கு எத்தனி பேரு வெக்கறாங்க! எங்க வூட்ல புள்ளைக்கே ஒரு பேருதான் வெச்சாங்க. விக்கறது யாரு? ராமப்பாவா? ராமப்பான்னு சொல்லேன்."

அந்தப் பயிற்சி எனக்குப் பிடித்தது. ஆனாலும் பாடத்தில் தோற்றேன். தேர்வு நாளில் நான் கர்ப்பிணி. மயக்கம் வந்தது, அதனால் எழுத முடியவில்லை என்று வீட்டில் சொன்னேன். மயக்கம் வந்தது நிஜம். கடைசி இரண்டு கேள்விக்கு விடை தெரியாததும் நிஜம். எது முதலில் வந்தது என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. மார்க் பட்டியலில் சட்ட ஆங்கிலத்துக்கு நேரே பேக்லாக் என்று விழுந்தது. பரிசு வாங்கிய உச்சரிப்புக்கு நல்ல மரியாதை!

இரண்டாம் வருடம் மகள் ஏஞ்சல் பிறந்தாள். அம்மாவிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு வருவேன். கதவோரம் உட்காருவேன். பால் கட்டி ரவிக்கை நனைந்தால் நக்மா தன் துப்பட்டாவை எடுத்து என்மேல் போர்த்திவிட்டு, குளிருது என்று சாரிடம் ஃபேனை நிறுத்தச் சொல்வாள். ஏப்ரல் மாதம். சார் ஒன்றும் கேட்காமல் நிறுத்துவார்.

அந்த வருடம்தான் வக்கீல் பிரேமலதா மேடம் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலை வகுப்பு முடிந்ததும் அங்கே போவேன், டைப் அடிக்க. டைப் அடிப்பவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். மேடம் என்னை எடுத்ததற்குக் காரணம் தமிழ். ஜோகுபாளையத்திலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் வரும் கட்சிக்காரர்கள் பலர் தமிழர்கள். மேடம் வீட்டில் கன்னடம், கோர்ட்டில் ஆங்கிலம். அவருடைய தமிழ், கட்சிக்காரர்களிடம் கற்றது. அதில் மரியாதை விகுதி கிடையாது. எழுபது வயதுப் பெரியவரையும் "வா, உக்காரு, சொல்லு" என்பார். பெரியவர்கள் கோபித்துக்கொண்டதில்லை. நான்தான் ஆரம்பத்தில் நெளிந்தேன்.

மேடம் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார். மூன்றாவது தடவை கழற்றினால் எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும்.

அஃபிடவிட் வேலையை அவர் சொல்லிக்கொடுத்த முறையை எழுதுகிறேன், திவ்யா. சாட்சி சொல்ல வேண்டியதைச் சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் தாள் அது. பச்சை லெட்ஜர் தாளில், ஒரு பக்கம் மட்டும், இடது ஓரம் நாலு விரல் விட்டு அடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'திருத்தங்கள்: இல்லை' என்று ஆங்கிலத்தில் வர வேண்டும். ஒரு எழுத்தைப் பேனாவால் மாற்றினாலும் அந்த 'இல்லை'யை அடித்து எண்ணிக்கை போட வேண்டும். சாட்சி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். சாட்சிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி வரும்: 'மேற்கண்ட பாராக்கள் அனைத்தையும் சாட்சிக்குத் தெரிந்த தமிழில் படித்து விளக்கினேன். அவர் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்.' அதற்குக் கீழே என் கையெழுத்து. பிறகுதான் நோட்டரியின் முத்திரை.

முதல் தடவை அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டபோது பெருமையாக இருந்தது. சட்ட ஆங்கிலத்தில் தோற்றவள் கையெழுத்தைக் கோர்ட் ஏற்றுக்கொள்கிறதே என்று. முப்பதாவது தடவைக்குள் பெருமை போய்ப் பழக்கம் வந்துவிட்டது.

செல்வியக்கா வந்தது அந்தச் சமயத்தில்தான். ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை வீடு, ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பகல் ஷிஃப்ட் மட்டும். கணவன் பிரிந்து போனபோது ஆறு வயது மகள் ஷாலினியையும் தூக்கிக்கொண்டு தங்கவயலில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விட்டிருந்தான். மகளைத் தன்னிடம் தரச் சொல்லிக் குடும்ப நீதிமன்றத்தில் செல்வியக்கா வழக்குப் போட்டிருந்தார். எங்கள் ஊரும் தங்கவயல்தான் என்று தெரிந்ததும் என்னிடம் ஒட்டிக்கொண்டார். நான் பால் கொடுக்கும் தாய் என்று தெரிந்ததும் வரும்போதெல்லாம் முருங்கைக் கீரை கொண்டுவருவார்.

"சும்மா வாங்கிக்கோ மேரி. ஃபீஸ்ல கழிக்கச் சொல்ல மாட்டேன்."

அவருடைய அஃபிடவிட்டை மேடம் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். புதிதாக ஒரு தாளைத் திறந்து அடிப்பதில்லை. அதே மாதிரி ஒரு பழைய வழக்கின் ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, பாராக்களை மாற்றி அடிப்போம். எல்லா அலுவலகத்திலும் இதுதான் வழக்கம். அன்று திறந்தது ஒரு நர்ஸின் வழக்கு. அந்த அம்மா மகனை வார இறுதியில் பார்க்க மட்டும் அனுமதி கேட்டிருந்தார். மேடம் பத்தாவது பாரா வரை புதிதாகச் சொன்னார். பிறகு கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது. கழுத்தில் வக்கீலின் வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டே, "மீதி பழேது மாதிரியே விடு" என்றார். கடைசியில் வரும் வழக்கமான வரிகளைத்தான் அவர் அப்படிச் சொன்னார். நானும் அப்படியே விட்டேன். பதினோராவது பாராவில் நர்ஸ் அம்மாவின் வரி ஒன்று இருந்தது. 'இரவு வேலை காரணமாக என் பிள்ளையைப் பெரும்பாலும் பக்கத்து வீட்டில் விட்டுவிடுவேன்.'

படித்துக் காட்டும்போது பிடிபட்டிருக்கும். அதற்குத்தானே படித்துக் காட்டுவது.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு நோட்டரி முன்னால் நானும் செல்வியக்காவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எட்டு பாரா படித்தேன். நன்றாகவே படித்தேன், அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நாலாவது பாராவில் ஷாலினியின் பள்ளிப் பெயர் வந்ததும் அவர் அழுதார், நான் நிறுத்தினேன். எட்டு முடிந்தபோது அம்மாவிடமிருந்து ஃபோன். ஏஞ்சலுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று, கண் செருகுகிறது, நீ வா. அம்மா அப்படிப் பதறுகிறவர் இல்லை.

நோட்டரி கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் சாப்பாட்டு நேரம். நான் தாளைத் திருப்பினேன்.

"மீதி நாலு பாரா சும்மா ஃபார்மாலிட்டிக்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

செல்வியக்கா என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டார். எல்லாப் பாராவையும் படித்து விளக்கினேன் என்ற வரிக்குக் கீழே நானும் போட்டேன். முத்திரை விழுந்தது. ஆட்டோவில் ஏறினேன். ஏஞ்சலுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நாலு பாரா என் நினைவிலிருந்தே போய்விட்டது.

குறுக்கு விசாரணை நான்கு மாதம் கழித்து வந்தது. எதிர்த் தரப்பு வக்கீல் உயரமான மனிதர், மிகவும் மரியாதையாகப் பேசுவார். செல்வியக்காவை 'தாயே' என்றுதான் அழைத்தார். வேலை, சம்பளம், வீடு என்று சின்னச் சின்னக் கேள்விகள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோராவது பாராவை ஆங்கிலத்தில் படித்தார். தமிழிலும் சொன்னார்.

"ராத்திரியில புள்ளைய பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போவீங்கன்னு நீங்களே சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கீங்களே, தாயே?"

"இல்லீங்க! நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க. எனக்கு ராத்திரி டூட்டியே இல்லீங்க."

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"தமிழ்ல படிச்சு விளக்கினாங்கன்னு போட்டிருக்கு. படிச்சாங்களா, இல்லையா?"

செல்வியக்கா திரும்பினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கோர்ட் டைப்பிஸ்ட் விரலை நிறுத்திக் காத்திருந்தார்.

"படிச்சாங்க" என்றார்.

டைப்பிஸ்ட் அதை அடித்தார். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் அவருக்கு எதிராகத் திரும்பியது. ராத்திரியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாய், அல்லது சத்தியம் செய்துவிட்டு மாற்றிச் சொல்கிற தாய். எப்படிப் பார்த்தாலும் ஷாலினி தங்கவயலில்தான்.

வெளியே வராந்தாவில் செல்வியக்கா எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அவர் எனக்கு!

"ஏன் அழுவுற? பாப்பாக்கு மறுபடி காய்ச்சலா?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார், தன் பிள்ளையை விட்டுக்கொடுத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார் என்று புரிந்தது. அப்படித்தான் அன்று புரிந்துகொண்டேன்.

மேடத்திடம் சாயங்காலம் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்தேன். பொய்யென்று தெரிந்த கையெழுத்து, அதுவும் இன்னும் வக்கீலாகப் பதிவுகூடச் செய்யாதவள் போட்டது. இது வெளியே வந்தால் கறுப்புக் கோட்டு கிடையாது என்று நக்மா ஃபோனில் சொல்லியிருந்தாள். அவளே, "ஆனா நீ சொல்லிடுவ. எனக்குத் தெரியும். திட்டு வாங்கினதும் ஃபோன் பண்ணு" என்றும் சொன்னாள்.

மேடம் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை.

"எட்டு வரைக்கும்தான் படிச்சியா? நெனப்பு இருக்கா, இல்ல அப்பிடித் தோணுதா?"

"நெனப்பு இருக்கு மேடம். எட்டு முடிச்சப்பதான் ஃபோன் வந்துச்சு."

மேடம் பழைய நர்ஸ் வழக்கின் கட்டை எடுக்கச் சொன்னார். பதினோராவது பாராவைத் தானே பார்த்தார்.

"'மீதி பழேது மாதிரி'ன்னு சொன்னது நானு. படிக்காத விட்டது நீ. ரெண்டு பேரும் எழுதிக் குடுப்போம். நீ உன்னுது எழுது."

அன்று என் வாழ்க்கையில் முதல் அஃபிடவிட்டை என் பெயரில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. நான் படித்த சட்ட ஆங்கிலம் முழுவதும் அதில் இருந்தது. எதிர்பாராத சூழ்நிலை, தவிர்க்க முடியாத காரணம், வேண்டுமென்றே செய்யாத குறைபாடு. மேடம் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"நடந்தது தமிழ்ல சொல்லு."

"எட்டு பாரா படிச்சேன் மேடம். நாலு பாரா படிக்கல. பன்னண்டும் படிச்சேன்னு கையெழுத்துப் போட்டேன். பாப்பாக்கு ஜுரம்..."

"ஜுரம் வேணா. ஜுரம் பாப்பாது. கையெழுத்து உன்னுது. மொதல் மூணு எழுது."

அந்த மூன்று வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுத எனக்கு அரை மணி ஆனது. ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மேல் போகவில்லை. அதைவிட நல்ல ஆங்கிலம் நான் பிறகும் எழுதியதாக நினைவில்லை.

பிறகு மேடம் ஒரு காரியம் செய்தார். எனக்கு ஆங்கிலம் தெரியும், நானே எழுதியது. இருந்தும் என்னை எதிரில் உட்காரவைத்து, தன் அரைகுறைத் தமிழில் ஒவ்வொரு பாராவாக எனக்குப் படித்துக் காட்டினார். "நீ எட்டு படிச்சே. சரியா? திருப்பிச் சொல்லு." நான் சொன்னேன். "நாலு படிக்கலே. சொல்லு." சொன்னேன். மூன்றாவது பாராவில் பாதியில் நின்றுவிட்டேன். முழுதாகச் சொல்லும்வரை காத்திருந்தார். "ஆய்த்து" என்றார். முடிந்தது என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டேன்.

சாட்சியை மீண்டும் விசாரிக்க மேடம் மனுப் போட்டார். என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். அதே உயரமான வக்கீல்.

"நீங்க சட்டம் படிக்கிற மாணவி?"

"ஆமாங்க சார்."

"சட்ட ஆங்கிலம்னு ஒரு பேப்பர் இருக்குமே. பாஸா?"

"இல்ல சார். பேக்லாக்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பிறகு நீதிபதி அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எத்தனை பாரா படித்தீர்கள்? எட்டு என்றேன். எழுதிக்கொண்டார். பழைய வழக்கின் தாளையும் மேடம் காட்டினார். செல்வியக்காவின் ஆஸ்பத்திரி ஷிஃப்ட் பதிவேடு வரவழைக்கப்பட்டது.

ஷாலினி அம்மாவிடம் வந்தாள். ஆனால் அந்த மனு, மறு விசாரணை, வாய்தா எல்லாம் சேர்ந்து ஏழு மாதம் அதிகமானது. அந்த ஏழு மாதத்தில் தங்கவயலில் ஷாலினிக்கு முன்பற்கள் இரண்டு விழுந்தன. செல்வியக்கா பார்க்கவில்லை. ஓட்டைப் பல்லோடு சிரித்துக்கொண்டு கோர்ட் படியில் இறங்கிவந்த மகளைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது அதைத்தான். "பல்லை எங்கடி போட்டே?" கூரை மேல் எறிந்துவிட்டதாக ஷாலினி சொன்னாள். என் மகளுக்கு முதல் பல் விழுந்த அன்று நான் காரணம் சொல்லாமல் லீவு போட்டேன். மேடம் கேட்கவில்லை.

அந்த வருடமே சட்ட ஆங்கிலம் எழுதிப் பாஸ் செய்தேன். மார்க் சுமார்தான். வக்கீலாகப் பதிவும் ஆனது. அன்றிலிருந்து போன மாதம்வரை, யார் வந்தாலும் ஜோசப் சார் முறைதான். ஒரு பாரா சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வந்தால்தான் அடுத்தது. திவ்யா, அந்த ஒரு மணி நேரம் இதற்குத்தான் போனது. உன் ஆப் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அது பதினோராவது பாராவை விட்டிருக்காது. அதற்குக் காய்ச்சல் வரும் பிள்ளை இல்லை. படிக்கட்டும். படித்தபின் நீ அவர்கள் எதிரில் உட்கார்ந்து திருப்பிச் சொல்லச் சொல்.

இவ்வளவுதான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் செல்வியக்காவைப் பற்றி எழுதிவிட்டு அவருக்குக் காட்டாமல் கொடுப்பது சரியா என்ற யோசனை வந்தது. நேற்று மத்தியானம் சின்னவன் தூங்கியதும் ஃபோன் செய்தேன். ஷாலினி இப்போது ஒன்பதாவது. முதலிலிருந்து படித்துக் காட்டினேன், பாரா பாராவாக.

"பன் இல்ல மேரி, மசால் வடை" என்று ஓர் இடத்தில் திருத்தினார். எனக்குப் பன் என்றுதான் நினைவு. மாற்றவில்லை, இரண்டையும் போட்டுவிட்டேன். எனக்காகப் பொய் சொன்னார் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"என்னாது? உனக்காகவா?"

"ஆமாங்க்கா."

"அய்யோ, இல்லம்மா! அப்ப உன்னை எங்க நான் நெனச்சேன்." சிரிப்பு வந்தது அவருக்கு. பிறகு சிரிப்பு நின்றது. "எதிர்க்க ஷாலினி அப்பாவோட அக்கா உக்காந்திருந்தா. படிச்சவ. டீச்சரு. அவ முன்னாடி நின்னு, என்ன எழுதியிருக்குன்னே தெரியாம எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னா, இவகிட்ட புள்ளையக் குடுத்து என்னா ஆவும்னு கேக்க மாட்டாங்களா? அந்தப் பயம். வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்."

நான் தாளைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு நோட்டரிகிட்டயே கேக்கணும்னுதான் இருந்துச்சு. நீ மீதி ஃபார்மாலிட்டின்னே. நாலு பாராவும் என்னாம்மா ஃபார்மாலிட்டின்னு வாய் வரைக்கும் வந்துது. கேட்டா, இதுகூடத் தெரியல பாருன்னு நெனப்பியோன்னு விட்டுட்டேன். நீ இங்கிலீஷ்ல அவ்ளோ அழகாப் பேசுவே."

எட்டு வருடமாக, வந்த ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இவரை மட்டும் ஒரு தடவையும் கேட்கவில்லை. இவர் மனதை நானே எழுதி, நானே கையெழுத்தும் போட்டுவைத்திருந்தேன்.

"மாத்தி எழுதறேங்க்கா" என்றேன்.

"அது இருக்கட்டும். நான் இப்ப சொன்னதையும் சேத்து எழுது. மீதி இன்னும் எவ்ளோ இருக்கு?"

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் எழுந்து அழ ஆரம்பித்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

"நாலஞ்சு பாராதாங்க்கா. வழக்கு எப்படி முடிஞ்சுதுன்னுதான். உங்களுக்குத் தெரிஞ்சதே. அப்புறமா..."

"போ, போய்ப் புள்ளையத் தூக்கிட்டு வா" என்றார் செல்வியக்கா. "மெதுவா வா. நான் லைன்லயே இருக்கேன். மீதியும் படி."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படித்தேன்.